கேள்வி கேட்டால் உயர்வது இரண்டே கைகள்

கேள்வி: எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் 10 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மொத்தம் 14 பேர், நேரம் 45 நிமிடம். நான் கேள்வியை முடிப்பதற்குள் இரண்டு பேர் கை தூக்கிவிடுகிறார்கள். ஒருத்தி மனப்பாட வசனத்தில் எப்போதும் முதல் பரிசு வாங்குபவள். மற்றவன் போதகரின் மகன். பின்வரிசையில் நான்கு பையன்கள், பாடம் முழுக்கப் பேச்சும் சிரிப்பும்தான். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண் பிள்ளைகள் ஒதுங்கியே உட்கார்ந்திருக்கிறார்கள். நட்சத்திர அட்டை, பரிசு, கண்டிப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடலாமா?

பதில்: பிரிப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். போன ஞாயிறு வகுப்பில் நீங்கள் கேட்ட கேள்விகளை நினைவில் இருக்கும் வரை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மரத்தில் ஏறியவன் யார்? சக்கேயு. என்ன மரம்? காட்டத்தி மரம். அவன் என்ன வேலை பார்த்தான்? ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். இவை எதுவும் தவறான கேள்விகள் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதை ஒருவர் சொன்னவுடன் கேள்வி செத்துப்போகிறது. மீதி 13 பேருக்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் பிள்ளைகள் ஒன்று மௌனமாகிவிடுவார்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவனோடு பேசுவார்கள். உங்கள் வகுப்பில் இரண்டும் நடக்கிறது.

அதனால் பிள்ளைகளின் குணத்தை மாற்றுவதற்கு முன் கேள்வியை மாற்றுங்கள். எப்படிக் கேட்பது என்பதற்கு வேதாகமத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. நல்ல சமாரியன் கதையைச் சொல்லி முடித்ததும் இயேசு, ‘எனக்குப் பிறன் (அயலான்) யார்?’ என்று தம்மிடம் கேட்ட நியாயசாஸ்திரியிடம், இந்த மூன்று பேரில் எவன் பிறனாயிருந்தான் என்று கேட்டு, கூடவே ‘உனக்கு எப்படித் தோன்றுகிறது?’ என்கிறார். காணாமற்போன ஆட்டின் கதையையும் (மத்தேயு 18), திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொல்லப்பட்ட இரண்டு குமாரரின் கதையையும் (மத்தேயு 21) ஏறக்குறைய அதே சொற்களோடுதான் தொடங்குகிறார். நாம் கதையைப் படிக்கிறோம், பாடத்தைச் சொல்கிறோம், அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறோம். வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கேளுங்கள். அதற்கு முதலில் கை தூக்கியவரின் பதிலோடு பேச்சு முடிந்துபோகாது.

எல்லாக் கதையும் இதற்கு ஒரே அளவில் இடம் தராது. மத்தேயு 20-ல் திராட்சத்தோட்ட வேலையாட்கள் கதை இருக்கிறது: விடியற்காலையிலிருந்து உழைத்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது வேலை முடியப்போகும் சாயங்காலத்தில், வந்தவனுக்கும் ஒரே கூலி. 10 வயதுப் பிள்ளைக்கு நியாயம் அநியாயம் என்பது தலைபோகிற விஷயம். ‘முதலில் வந்தவன் கோபப்பட்டது சரியா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். லூக்கா 15-ல், வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த தம்பிக்கு விருந்து நடப்பதைக் கண்டு கோபித்து மூத்த குமாரன் வீட்டுக்கு வெளியே நிற்கிறான், தகப்பன் வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று வேதம் சொல்லவில்லை. ‘நீ அவனாக இருந்தால் உள்ளே போவாயா?’ என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் தம்பி தங்கையோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். இதுவரை வாய் திறக்காத ஒரு குரல் அன்றைக்குக் கேட்கும் என்று நம்புகிறேன்.

கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். நமக்கு மிகவும் கடினமானது இதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, 1970களில் இதைப் பற்றி எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாக வந்தன, தாமாக முன்வந்து பேசுகிற பிள்ளைகள் கூடினார்கள், பதிலே வராத தருணங்கள் குறைந்தன. மூன்று விநாடி என்பது தாளில் சின்ன எண். வகுப்பின் முன்னால் நிற்கும்போது அது ஒரு யுகம். மனசுக்குள் மெல்ல எண்ணுங்கள். நடுவில் கை உயர்ந்தால் தலையசைத்துவிட்டு எண்ணுவதைத் தொடருங்கள். அப்புறம் ஒரு படி மேலே போய், ‘பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் இதைப் பேசுங்கள்’ என்று விட்டுவிடுங்கள். 14 பேர் என்றால் ஏழு ஜோடி, ஒரே நேரத்தில் ஏழு பேர் பேசுகிறார்கள். பிறகு, ‘உன் பக்கத்தில் இருப்பவள் சொன்னதில் உனக்குப் பிடித்தது என்ன?’ என்று கேளுங்கள். தன் கருத்தை எல்லோர் முன்னாலும் சொல்லக் கூசுகிற பிள்ளை அடுத்தவர் கருத்தைத் தயங்காமல் சொல்லும்.

கை தூக்கும் இருவருக்கு வருகிறேன். அவர்களைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். அந்தச் சிறுமி வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறாள், அந்த ஆர்வத்தை அணைத்துவிடக் கூடாது. வகுப்புக்கு முன் தனியாகக் கூப்பிட்டு, ‘உனக்குப் பதில் தெரியும் என்று எனக்குத் தெரியும். இன்று மற்றவர்கள் சொல்வதைக் கவனித்துக் கேள். எது உன் மனசில் நின்றது என்று கடைசியில் நீ சொல்லு’ என்று ஒரு பொறுப்பைக் கொடுங்கள். 12 வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்கிறது லூக்கா 2. வேதம் தெரிந்த பிள்ளைக்குக் கேட்பதும் ஒரு வேலைதான் என்று அதைக் காட்டிச் சொல்லலாம்.

போதகரின் மகன் விஷயம் வேறு. அவனைப் பற்றி நான் உண்மையாகவே கவலைப்படுகிறேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சபை முழுக்க எதிர்பார்க்கிறது. ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்லாவிட்டால், ‘உனக்கே தெரியாதா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதனால் அவன் கை தூக்குவதில் பாதி பயமாகக்கூட இருக்கலாம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்பது உங்கள் வகுப்பில் மரியாதையான பதிலாக இருக்கட்டும். அதை முதலில் நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாதபோது, ‘தெரியவில்லை, அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்’ என்று சொல்லி, அடுத்த வாரம் மறக்காமல் சொல்லுங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் அவனை அவன் அப்பாவோடு ஒப்பிட வேண்டாம். ‘அப்பாவிடம் சொல்லட்டுமா?’ என்ற பேச்சும் வேண்டாம்.

பின்வரிசைப் பையன்களை வகுப்பின் முன்னால் நின்று கண்டிப்பதால் பயன் குறைவு. கண்டிக்கும் ஒவ்வொரு முறையும் மொத்த வகுப்பும் திரும்பி அவர்களைப் பார்க்கிறது, அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். உங்களோடு இன்னொரு பெரியவர் வகுப்பில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் எந்த ஞாயிறு வகுப்பையும் ஒரே பெரியவரிடம் விடக் கூடாது. அவர் சுவரோரம் நிற்காமல் அந்த நால்வருக்கு நடுவில் போய் உட்காரட்டும். அதட்டத் தேவையில்லை, அவர்களோடு சேர்ந்து பாடத்தைக் கேட்டாலே போதும். வட்டமாக உட்கார வைக்க இடம் இருந்தால் பின்வரிசையே இல்லாமல் போகும். நால்வரில் ஒருவன் சிரித்தால்தான் மற்ற மூவரும் சிரிப்பார்கள். அவன் யார் என்று கண்டுபிடித்து, வகுப்பு இல்லாத நேரத்தில் அவனோடு பத்து நிமிடம் பேசுங்கள். புகார் சொல்ல வேண்டாம், அவனைத் தெரிந்துகொள்வதற்காகப் பேசுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சேட்டைக்குத் தண்டனையாக வசனம் எழுதச் சொல்லாதீர்கள். வேத வசனம் ஒரு பிள்ளையின் மனசில் தண்டனையாகப் பதிந்தால், அதை அழிக்கப் பல வருடம் ஆகும்.

சேட்டை செய்பவனுக்கு வாசிப்பு தடுமாறுகிறதா என்றும் பாருங்கள். நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய முதல் வருடம், ஆளுக்கொரு வசனம் வரிசையாக வாசிக்க வைப்பேன். பின்னால் உட்கார்ந்து கலகலப்பாகப் பேசும் ஒரு பையன் தன் முறை வந்ததும் முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அவசரத்தில் ‘சரி, அடுத்தவன்’ என்று நகர்ந்துவிட்டேன். அவன் அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து யாரையும் கட்டாயப்படுத்தி வாசிக்கச் சொல்வதில்லை, விரும்புகிறவர்கள் மட்டும்தான் வாசிப்பார்கள். ராபர்ட் ரெய்க்ஸ் 1780-ல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளி தொடங்கியது வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்காக. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே அங்கே முக்கியமான வேலை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்த வகுப்பில் ஆரம்பத்திலிருந்தே இடம் உண்டு.

புதிதாக வந்த இருவரையும், ‘எல்லோரும் இவர்களோடு நட்பாக இருங்கள்’ என்று முன்னால் நிறுத்திச் சொல்லாதீர்கள். அவர்கள் இல்லாமல் முடியாத ஒரு வேலையைக் கொடுங்கள். 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகளை முதன்முறையாக ஒரே பள்ளிகளில் சேர்த்தபோது வகுப்புகளில் பகை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் அதற்கு ஒரு வழி கண்டார்: பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு கொடுப்பது. அடுத்தவர் சொல்வதைக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். ஞாயிறு வகுப்புக்கு இது அப்படியே பொருந்தும். தாவீது கோலியாத் கதையை (1 சாமுவேல் 17) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு அண்ணன் எலியாப் தாவீதைக் கடிந்துகொள்வது, இன்னொன்றுக்குச் சவுல் தன் கவசத்தைப் போட்டுவிடுவது, மூன்றாவதுக்கு ஆற்றில் ஐந்து கற்கள் எடுப்பதும் கோலியாத்தின் ஏளனமும். பத்து நிமிடம் படித்துவிட்டு, குழுவுக்கு ஒருவராகச் சேர்ந்து உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். குழுவை நீங்களே எண்ணிப் பிரியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் பின்வரிசை நண்பர்களும் தாமாகப் பிரிந்துவிடுவார்கள், யாருக்கும் அது தண்டனையாகத் தெரியாது.

நட்சத்திர அட்டையை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. 14 பெயர் உள்ள அட்டையில் இரண்டு வரிசை மட்டும் நிறைந்திருந்தால், மீதி 12 பேர் ஒவ்வொரு வாரமும் தங்கள் வெற்றிடத்தைத்தான் பார்க்கிறார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பிய சிறுபிள்ளைகளுக்குப் பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைவது குறைந்துபோனது. வசனத்தை வேண்டுமானால் வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லட்டும், ஆளுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கலாம்.

இன்னொன்று. பிள்ளைகள் பேசத் தொடங்கினால், வீட்டு விஷயங்களும் ஜெபக் குறிப்பாக வரும். கேட்டதை வெளியே பேசக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். ஆனால் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

இனி பிரிப்பது பற்றி. இப்போது வேண்டாம். இப்போது பிரித்தால் வயதைப் பார்த்துப் பிரிக்கமாட்டீர்கள், நல்ல பிள்ளைகள், சேட்டைக்காரர்கள் என்றுதான் பிரிப்பீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடும். எட்டு வாரம் இப்படி நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் வகுப்பு முடிந்ததும் அன்று பேசியவர்களின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள், அந்தத் தாள் உங்களுக்கு மட்டும். எட்டாவது வாரத்திலும் 13 வயதுக்காரர்கள் சலிப்போடு இருந்தால், அது வயது இடைவெளி. அப்போது அந்தத் தாளோடு ஞாயிறு பள்ளியின் கண்காணிப்பாளரிடம் போய், 12, 13 வயதுக்காரர்களுக்குத் தனி வகுப்பு கேளுங்கள். கேட்கும்போது அவர்களுக்கு ஓர் ஆசிரியரையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் இரண்டு வகுப்பையும் நீங்களே பார்க்க முடியாது.