மின்புலத்தைக் கொண்டு ஒற்றைச் செல்லைப் பிடித்து நகர்த்துவது எப்படி?

மின்னணுச் சில்லின் (chip) மேல் திரவத்தில் மிதக்கும் செல்லை, அதாவது உயிரணுவை, எதனாலும் தொடாமல் மின்புலத்தால் மட்டுமே நகர்த்த முடியுமா, அதனால் செல் இறந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நகர்த்த முடியும். இவ்விளைவுக்கு டைஎலக்ட்ரோஃபோரெசிஸ் என்ற பெயரை அறிவியலாளர் ஹெர்பர்ட் போல் 1951-இல் சூட்டினார்.

இடத்துக்கு இடம் வலிமை மாறுபடும் மாறுதிசை மின்புலத்தில் செல் முனைவுறுகிறது, அதாவது அதன் ஒருபுறம் நேர்மின்னூட்டமும் மறுபுறம் எதிர்மின்னூட்டமும் சேர்கின்றன. அதன் இருபுறமும் செயல்படும் விசைகள் சமமாக இல்லாததால், சுற்றியுள்ள திரவத்தைவிட அது எளிதில் முனைவுற்றால் புலம் வலுத்த இடத்துக்கும், இல்லையேல் புலம் நலிந்த இடத்துக்கும் தள்ளப்படுகிறது. எந்தத் திசை என்பதை அதிர்வெண் தீர்மானிக்கிறது என்பதுதான் இதில் அழகு: உயிருள்ள செல்லின் சவ்வு மின்காப்பாக நிற்கும், இறந்த செல்லின் சவ்வோ கசியும், ஆகவே தகுந்த அதிர்வெண்ணில் இரண்டும் வெவ்வேறு திசையில் பிரியும்.

இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் விவரித்த 8 மில்லிமீட்டர் சதுரச் சில்லில் 1,02,400 மின்முனைகள் இருந்தன. ஒரு மின்முனைக்கு அண்டை மின்முனைகளுக்கு எதிரான கட்டத்தில் (அவற்றில் ஏறும்போது இதில் இறங்கும்படி) மின்னழுத்தம் கொடுத்தால், அதன் மேலே புலம் நலிந்த ஒரு கண்ணுக்குத் தெரியாத கூண்டு உருவாகிச் செல் அதில் மிதக்கும். அந்த அமைப்பை மென்பொருள் வழியே பக்கத்து மின்முனைக்கு மாற்றினால் கூண்டும் அதற்குள் இருக்கும் செல்லும் நகரும்.

உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் வெப்பத்தாலும் மிகை மின்னழுத்தத்தாலும்தான் வருகிறது. எனவே உப்புக் குறைந்த கரைசலில், சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து செல் வெடிக்காதபடி சர்க்கரை சேர்த்து, சில வோல்ட்டுகளிலேயே வேலையை முடிக்கிறார்கள்.