நகவெட்டியை எடுத்த இடத்திலேயே வையுங்கள்

கேள்வி: எங்கள் மகள் வளர்க்கும் கினி பிக்குக்குக் கீழ்ப்பற்கள் ரொம்ப நீளமாகத் தெரிகின்றன. பெயர் லட்டு, பெண், மூன்று வயது. வெட்டாமல் விட்டால் பல் வளர்ந்து மூளையைக் குத்திவிடும் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. நகவெட்டியால் வீட்டிலேயே வெட்டும் வீடியோவும் பார்த்தோம். செய்யலாமா? கண்ணில் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது, தன் புழுக்கையையே தின்கிறது. டாக்டரிடம் போனால் மயக்க மருந்து கொடுப்பார்கள், அதிலேயே செத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இரண்டு நாளாக கேரட்டைக் கடித்துக் கீழே போட்டுவிடுகிறது, தாடை ஈரமாகவே இருக்கிறது, 900 கிராம் இருந்தது 780 ஆகிவிட்டது. மகளுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மீதி இருந்தது, நேற்று கொஞ்சம் கொடுத்தோம். – வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, முதல் வேலையாக அந்த சிரப்பை நிறுத்துங்கள். உங்களுக்குத் தனியாக மெயிலில் இதைச் சொல்லிவிட்டேன். இதே மாதிரி கடிதங்கள் அடிக்கடி வருவதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கடிதத்தின் பெரும்பகுதியில் முன்பல்லைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கேரட்டைக் கடித்துக் கீழே போடுகிறது, தாடை ஈரம், எடை குறைந்துவிட்டது என்று, நோய் அங்கேதான் இருக்கிறது. பசி இல்லாத கினி பிக் சாப்பாட்டுப் பக்கம் திரும்பாது. லட்டு தட்டுக்கு வருகிறாள், வாயில் எடுக்கிறாள், இரண்டு மெல்லு மென்றதும் போட்டுவிடுகிறாள். அவளுக்குப் பசிக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாததால் தாடையும் கழுத்தும் நனைகின்றன. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கோளாறு பெரும்பாலும் கன்னத்துக்குள் இருக்கும் கடைவாய்ப் பற்களில்தான்.

கினி பிக்குக்கு மொத்தம் 20 பற்கள். முன்னால் தெரிபவை நான்கு, உள்ளே 16. எலிக்கு முன்பல் மட்டும்தான் வாழ்நாள் முழுக்க வளரும். கினி பிக்குக்கு இருபதுமே வளர்ந்துகொண்டே இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இயல்பிலேயே நாக்குப் பக்கம் சாய்ந்தவை. தேயாமல் வளர்ந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் நாக்கின் மேல் வளைந்து வந்து, சில நேரம் ஒன்றையொன்று தொட்டு, நாக்கை அடியில் பூட்டிவிடும். நாக்கு தூக்க முடியாத பிராணி எதை விழுங்கும்? மேல் பற்கள் வெளிப்பக்கமாக வளர்ந்து கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இவை எதுவும் தெரியாது. வாய்த் திறப்பே ஒரு சுண்டுவிரல் நுழையாத அளவு. கன்னச் சதை இரண்டு பக்கமும் உள்ளே மடிந்து கிடக்கும், மென்ற புல் வேறு அடைத்திருக்கும். காது பார்க்கும் கருவியை நுழைத்து, விளக்கு வெளிச்சத்தில், புல்லைத் துடைத்துத் துடைத்துத்தான் நாங்களே பார்க்கிறோம். அப்படியும் விழித்திருக்கும் பிராணியிடம் பாதிதான் தெரியும்.

முன்பல் நீளம் என்கிறீர்கள். கீழ் முன்பல் மேல் பல்லைவிட நீளமாக இருப்பதே இயல்பு. நுனி நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிச் சாய்வாகத் தேய்ந்திருந்தால், உள்ளே வலிக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தில் மெல்கிறாள் என்று அர்த்தம். முன்பல் உண்மையிலேயே நீண்டிருந்தாலும் பல நேரம் அது உள்ளே நடப்பதன் விளைவுதான். கடைவாய்ப் பற்கள் உயர்ந்து வாய் முழுசாக மூட முடியாமல் போனால், முன்பற்கள் ஒன்றோடொன்று உரசித் தேய வழியில்லை. அப்போது முன்பல்லை மட்டும் வெட்டிவிட்டு வியாதி போய்விட்டது என்று நினைத்தால், பார்க்க அழகாக இருக்கும், பிராணி பட்டினி கிடக்கும்.

நகவெட்டி விஷயம். மூங்கிலைக் குறுக்கே நெரித்தால் நெடுக்கே பிளக்கும் இல்லையா, இந்தப் பல்லும் அப்படித்தான். விரிசல் ஈறுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள திசு திறந்துகொள்ளும். அதில் கிருமி ஏறினால் தாடை எலும்பில் சீழ்க்கட்டி. கினி பிக்கின் சீழ் தயிர்க்கட்டி மாதிரி கெட்டியானது, ஊசி போட்டு உறிஞ்சினால் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வீடியோ போடுகிறவர் வெட்டிய அன்றைக்குக் காட்டுகிறார். மூன்று வாரம் கழித்து அந்தத் தாடை என்ன ஆயிற்று என்று அவர் காட்டுவதில்லை. பல்லைக் குறைக்க வேண்டுமென்றால் சுழலும் பல் அரத்தால் அறுப்போம், வெட்டுவது கிடையாது.

மூளையைக் குத்தும் கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம். முன்பல் வளைந்து வாய்க்குள் சதையில் குத்தலாம். மேல் கடைவாய்ப் பல்லின் அடிப்பகுதி மேலே ஏறிக் கண் குழியை அழுத்தலாம், அப்போது கண் பிதுங்கும், ஓயாமல் நீர் வடியும். கீழ்ப்பல்லின் அடிப்பகுதி இறங்கினால் தாடையின் அடியில் விரலுக்கு முண்டு முண்டாகத் தட்டுப்படும். மூளைக்குள் போகிற சமாச்சாரம் பயமுறுத்துகிறவர்களுடைய கற்பனை. நீங்கள் சொல்லும் வெள்ளைப் பால் வேறு: கண்ணில் சில நொடி வரும், அதை முன்னங்காலால் வழித்து முகம் கழுவிக்கொள்ளும். புழுக்கை தின்பதும் இயல்பு, அதில் உயிர்ச்சத்து இருக்கிறது. இரண்டையும் மறந்துவிடுங்கள்.

சிரப்புக்கு வருகிறேன். கோபமாகத்தான் வருகிறேன். அமாக்ஸிசிலின் குழந்தைக்கு நல்ல மருந்து, கினி பிக்குக்கு விஷம். புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிட, அந்த இடத்தில் நச்சு சுரக்கும் கிருமி பெருகும். பேதியாகி ஓரிரு நாளில் செத்த பிராணிகள் உண்டு. பென்சிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாம் வாய்வழியே கொடுத்தால் இதே கதிதான். பல் வளர்ந்ததற்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நம் வீடுகளில் பிரிட்ஜ் கதவில் மிச்சம் நிற்கும் சிரப் எல்லா உயிருக்கும் மருந்தாகிவிடுகிறது. புழுக்கை இளகினாலோ, வயிறு உப்பி மத்தளம் போல் ஆனாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள்.

இனி, நீங்கள் உண்மையிலேயே பயப்படும் மயக்க மருந்து. வீட்டிலேயே வெட்டலாமா என்று கேட்க வைத்ததும் இந்தப் பயம்தான் என்று தெரிகிறது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட கினி பிக்குகளில் 100-க்குக் கிட்டத்தட்ட 4 இறந்தன. நாய்களில் அது 1000-க்கு 2-ஐக்கூடத் தொடவில்லை. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அந்தக் கணக்கில் ஏற்கெனவே நோயில் கிடந்தவையும் அடக்கம், தாமதமாகக் கொண்டுவரப்பட்டால் ஆபத்து கூடும். மறுபக்கத்தையும் பாருங்கள். கினி பிக்கின் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் எதுவும் உள்ளே போகாவிட்டாலே குடல் மந்தமாகி வாயு சேரும், பிறகு உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் ஏறும். லட்டு உடம்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போயாகிவிட்டது. மயக்க மருந்தில் உயிர் போகும் வாய்ப்பு சிறியது. சாப்பிடாமலே விட்டால் போவது உறுதி.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய்க்குச் சொல்வது போல ராத்திரியிலிருந்து பட்டினி போடத் தேவையில்லை. அப்படி யாராவது சொன்னால் இந்தப் பிராணியைப் பார்த்துப் பழக்கம் குறைவு என்று புரிந்துகொண்டு வேறு இடம் தேடுங்கள். போன் போடும்போதே ‘முயல், கினி பிக் கடைவாய்ப் பல் அறுப்பீர்களா, தலைக்கு எக்ஸ்ரே எடுப்பீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்தில் உடுமலையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கேயும் விசாரியுங்கள்.

போகும் வரைக்கும் பட்டினி விடாதீர்கள். பெல்லட்டை, அதாவது கடையில் விற்கும் உலர் தீவனக் குச்சிகளை, வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக மசித்து, ஆறவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் போடக் கூடாது. துண்டில் சுற்றி மடியில் உட்காரவைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைத்து, அரை மி.லி. விட்டு மென்று விழுங்கும் வரை பொறுங்கள். அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நாளுக்கு மொத்தம் 40 முதல் 60 மி.லி., ஐந்தாறு தவணையாக. வயிறு உப்பியிருந்தால் இதுவும் வேண்டாம். பால், பிஸ்கட், தயிர் சாதம் கண்டிப்பாகக் கூடாது.

எதனால் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதியதிலிருந்து யூகிக்கிறேன்: கேரட்டும் பெல்லட்டும்தான் சாப்பாடு. பெல்லட் நாலு கடியில் தூளாகிவிடும், பல்லுக்கு வேலையே இல்லை. கடிக்கக் கட்டை போடுவது முன்பல்லுக்குத்தான் உதவும், கடைவாய்க்குப் போய்ச் சேராது. கடைவாய்ப் பல் தேய்வது நாள் முழுக்கப் புல்லை அரைப்பதால். காய்ந்த திமோத்தி புல் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அருகம்புல் கொடுங்கள், நாய் போகாத, மருந்தடிக்காத இடத்தில் பறித்துக் கழுவியது. வைக்கோலைப் படுக்கையாக விரிக்கலாம், சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். வைட்டமின் சி-யை நம்மைப் போலவே இதன் உடம்பும் தயாரிக்காது. குறைந்தால் ஈறு பலவீனமாகிப் பல் ஆடும். தினம் ஒரு துண்டு குடமிளகாய் அல்லது சிறு கீற்று நெல்லிக்காய், கொஞ்சம் கொத்தமல்லித்தழை போதும். தண்ணீரில் சொட்டு விடும் மருந்து சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். முருங்கைக்கீரை தினமும் வேண்டாம், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீரில் கல் சேரும்.

ஒரு தடவை அறுத்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பல் கோணலாகிவிட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை அறுக்க வேண்டிவரலாம், சில பிராணிகளுக்கு ஆயுள் முழுக்க. அறுத்த பிறகும் சில நாள் சிரிஞ்சில் ஊட்ட வேண்டியிருக்கும், தாடைத் தசை பழையபடி வேலை செய்ய நேரம் பிடிக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருநாள் நிறுத்து எழுதிவைக்கும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். 50 கிராம் குறைந்தால் என்ன சாப்பிடுகிறாள் என்று கூர்ந்து பாருங்கள், அதற்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் போங்கள். நாளைக் காலை என்று தள்ளாமல் இன்றைக்கே கிளம்புங்கள், அந்த சிரப் பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய் எத்தனை மி.லி., எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.