மலையே இல்லாத ஊர்ல என்னத்த வரையிறது?

வாசகர் கேள்விகள்: ஓவியம்

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன் சார், ஓவியம்னா உயிர். எங்க ஊரச் சுத்தி வயலும் வரப்பும்தான், மலை கிடையாது, அருவி கிடையாது. இயற்கைக் காட்சி வரைய நான் எங்க போறது?
- ஒரு மாணவர், திருத்துறைப்பூண்டி

பதில்: எங்கயும் போக வேண்டாம் தம்பி. நம்ம டெல்டா பிள்ளைங்கள இயற்கைக் காட்சி வரையச் சொன்னா ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு ஆறுன்னுதான் வரையுதுங்க, தஞ்சாவூர்லேருந்து நாகப்பட்டினம் வரைக்கும் பஸ்ல வந்தாலும் ஒரு குன்று கண்ணுல படாது, ஆனா நோட்டுல மட்டும் மலை நிக்குது, எனக்கு அத பாக்கும்போதெல்லாம் ஆதங்கமா இருக்கும். 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்துக்காரங்களுக்கும் இதே தட்டை நிலம்தான். பல இடம் கடல் மட்டத்துக்கும் கீழ, காற்றாலை வச்சு தண்ணிய இறைச்சுத்தான் வயலாக்கினாங்க, பீம்ஸ்டர்ங்கிற பெரிய ஏரியவே 1612-ல வத்த வச்சு நிலமாக்கிட்டாங்க. இத்தாலிக்குப் போயி மலை வரைஞ்சவங்களும் அவங்கள்ல உண்டு, ஆனா என் மனசுல நிக்கிறது சொந்த ஊர் வரப்ப வரைஞ்ச படங்கதான்.

யாக்கோப் வான் ரைஸ்டால் ஹார்லெம் ஊர தூரத்துலேருந்து வரைஞ்ச படம் ஒண்ணு ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹைஸ் மியூசியத்துல இருக்கு, 1670-கள்ல வரைஞ்சது. நெட்ல தேடி பெருசாக்கிப் பாருங்க. மூணுல ரெண்டு பங்கு வானம்தான், நிலம் கீழ ஒரு பட்டை. மேகத்தோட நிழல் விழுந்து ஒரு துண்டு நிலம் இருட்டா கிடக்கு, அடுத்த துண்டுல வெயில் அடிக்குது, அந்த வெயில்ல நீள நீளமா லினன் துணிய வெளுக்கப் போட்டிருக்காங்க, அதுக்கப்புறம் மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம், இப்படியே நம்ம கண்ணு ஒவ்வொரு பட்டையா தாண்டிப் போயி அந்தக் கடைசில இருக்கிற சர்ச்ல முட்டி நிக்குது. மலையே இல்லாம அவ்ளோ தூரத்த காட்டிட்டார்! ஐப்பசில வெண்ணாத்தங்கரைல நின்னா இதே வெளிச்சம் நமக்கும் கிடைக்கும். வரப்புல சம்மணம் போட்டு உக்காருங்க, அடிவானக் கோட்ட பேப்பர்ல நல்லா கீழ இறக்குங்க, வானத்த முதல்ல போடுங்க.

கேள்வி: ஃப்ளெமிஷ் ஓவியம், டச்சு ஓவியம் ரெண்டும் ஒண்ணுதானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அக்கம்பக்கம்தான்ம்மா, ஆனா ஒண்ணு இல்ல. டச்சுன்னா வடக்க இருக்கிற ஹாலந்து, ஃப்ளெமிஷ்னா அதுக்குத் தெற்குப் பக்கம், இன்னைக்கு பெல்ஜியத்துல இருக்கிற ஆண்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ். 1585-ல ஆண்ட்வெர்ப் ஸ்பெயின் படை கைக்கு போனதும் ஓவியர்கள் நிறைய பேர் வடக்க ஹாலந்துக்கு கிளம்பிட்டாங்க, தொழிலும் அவங்களோடயே போச்சு. தெற்க சர்ச்சும் பிரபுக்களும் பெரிய பெரிய படமா ஆர்டர் கொடுத்தாங்க, வடக்க சர்ச்ல படம் வைக்கிற வழக்கம் நின்னுபோச்சு, அதனால வாங்கினது வியாபாரியும் கைத்தொழில்காரரும்தான், வீட்டுச் சுவத்துக்கு ஏத்த சின்னப் படமா. இதே டச்சுக்காரங்கதான் 1658-ல போர்ச்சுகீசியர்கிட்டேருந்து நாகப்பட்டினத்த பிடிச்சாங்க.

ஃப்ளெமிஷ் பக்கம் பீட்டர் ப்ரூகெல் 1565-ல வரைஞ்ச கோதுமை அறுப்பு படத்த அவசியம் பாருங்க, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. அறுத்த களைப்புல ஒருத்தன் மரத்தடில கால விரிச்சுப் போட்டுத் தூங்குறான், பக்கத்துல சனங்க உக்காந்து சாப்புடுதுங்க. நம்ம பக்கம் இப்ப மிஷின் அறுப்பு வந்துட்டுது, ஆள் இறங்கி அறுத்தத பாத்தவங்க இருக்கும்போதே யாராவது கேட்டு வரைஞ்சு வச்சா நல்லாருக்கும்.

கேள்வி: மாட்டைப் போயி அவ்ளோ பெருசா வரைஞ்சிருக்காங்களே, ஏன்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: டச்சு ஓவியர் பவுலுஸ் பாட்டரோட காளையத்தானே கேக்குறீங்க. 1647-ல வரைஞ்சப்ப அவருக்கு இருவத்திரண்டு வயசு கூட ஆகல. முதல்ல காளைய மட்டும்தான் வரைய ஆரம்பிச்சார், அப்புறம் கேன்வாஸ சேத்து பெருசாக்கி பசு, ஆடு, குடியானவர் எல்லாரையும் கொண்டுவந்தார். ராஜாவுக்கும் சாமிக்கும் ஒதுக்குற அளவு துணிய ஒரு காளைக்கு கொடுத்தாருங்கிறதுதான் பெரிய விஷயம், மாடு மேல மொய்க்கிற ஈயக்கூட விடல, தரைல ஒரு தவளை. பால், வெண்ணெய், பாலாடைக்கட்டின்னு அந்த நாட்டு வாழ்க்கையே மாட்டாலதான் ஓடுச்சு. நமக்கு உம்பளச்சேரி மாடு இருக்கே சார், கன்னு செவலையா பொறந்து வளர வளர சாம்பல் நிறத்துக்கு மாறுது, நெத்தில வெள்ளைச் சுட்டி, காலுல வெள்ளை, இத விட வரையறதுக்கு என்ன வேணும்?

கேள்வி: வயல் பச்சை எனக்கு சரியா வரவே மாட்டேங்குது.
- வாசகி, திருவாரூர்

பதில்: பச்சை டியூப அப்படியே பிதுக்கிப் போடாதீங்க. அந்தக் காலத்துல டச்சு ஓவியர்கள் பெரும்பாலும் மஞ்சளும் நீலமும் கலந்துதான் பச்சை எடுத்தாங்க, செடிலேருந்து எடுத்த மஞ்சள் சாயம் வெளிச்சத்துல வெளுத்துப்போயி பல பழைய படங்கள்ல இலையெல்லாம் இன்னைக்கு நீலமா நிக்குது. நாத்தங்கால் பச்சைக்கு மஞ்சள் தூக்கலா, பால் கட்டுற சம்பாவுக்கு துளி பழுப்பு, தூரத்து தோப்புக்கு நீலமும் வெள்ளையும் கூட்டிக்கங்க. கலந்தத பேப்பர் துண்டுல தடவி, வயலுக்கு எடுத்துட்டுப் போயி பயிர்கிட்ட வச்சு ஒத்துப் பாருங்க.