ஐப்பசியில் முட்டை நின்றால்

கேள்வி: மழை பிடித்ததும் எங்கள் நாட்டுக்கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன, இறகும் கொட்டுகிறது. கண்ணு பட்டுட்டு என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கண்ணெல்லாம் படவில்லைம்மா. பகல் குறுகும்போது கோழி பழைய இறகை உதிர்த்துப் புதுசு போடும், அதற்கே புரதமெல்லாம் போய்விடுவதால் முட்டைக்குச் சில வாரம் லீவு விட்டுவிடும், அவ்வளவுதான். கம்போடு கொஞ்சம் கருவாட்டுத் தூளும் கடலைப் புண்ணாக்கும் கலந்து போடுங்கள். மழைக்காலப் புண்ணாக்கைப் பிட்டுப் பாருங்கள், பூசணம் தெரிந்தால் வேண்டவே வேண்டாம், அது ஈரலைக் கெடுக்கும். கூட்டில் பரப்பிய உமியைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறதா? உடனே மாற்றுங்கள். பச்சையாகக் கழிந்து கழுத்தும் திருகிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழி நோயாக இருக்கலாம், கால்நடை மருந்தகத்துக்கு ஓடுங்கள். அப்புறம், உதிர்ந்த இறகை எடுத்துப் பிள்ளைகள் காது குடைவார்கள், பிடுங்கிப் போடுங்கள்.