சம்பளம் வாங்காத தீயணைப்பாளர்கள்: வாசகர் கேள்வி, பதில்

வெளிநாடுகளில் உள்ள தொண்டர் தீயணைப்புப் படைகள் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. அதைப் படித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. கொழும்பைப் பற்றிய கேள்விகளே அதிகம் என்பதால் அவற்றுக்கு இடமும் அதிகம் கொடுத்திருக்கிறோம்.

என் அக்காவின் மகன் ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் வேலை செய்கிறான். இப்போது ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டனாகச் சேர்ந்துவிட்டான். சம்பளமும் இல்லையாம். பயிற்சி இல்லாத பிள்ளைகளை நெருப்புக்குள் அனுப்புவார்களோ என்று அக்கா நித்திரை இல்லாமல் இருக்கிறா.
வாசகி, வெள்ளவத்தை

அக்காவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அங்கே 'தொண்டர்' என்ற சொல் சம்பளத்தைத்தான் குறிக்கிறது. வேலை தெரியுமா, தெரியாதா என்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பே இல்லை. ஜேர்மனியில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இப்படித் தொண்டர்களாக இருக்கிறார்கள். முழுநேரச் சம்பளப் படைகள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். ஆஸ்திரியாவில் வியன்னா உட்பட 6 நகரங்களில் மட்டுமே சம்பளப் படை உண்டு. சிலி நாட்டிலோ தலைநகரம் சந்தியாகோவுக்கும் தொண்டர்கள்தான். தொண்டர் என்றதும் திருவிழாவில் பட்டி கட்டி நிற்கும் பிள்ளைகள் நினைவுக்கு வருவதால்தான் இந்தப் பயம்.

ஜேர்மனியில் புதிதாகச் சேர்பவருக்கு முதற்கட்டப் பயிற்சி குறைந்தது 70 மணி நேரம். குழாய் விரித்தல், ஏணி, முடிச்சு, விபத்தில் நசுங்கிய வாகனத்தைத் திறத்தல் எல்லாம் அதில் வரும். அதன் பிறகு ஊர்ப் படையிலேயே 80 மணி நேரம். புகைக்குள் போக வேண்டுமென்றால் மூச்சுக் கருவிக்கென்று இன்னொரு 25 மணி நேரமும், இதயம், நுரையீரல் பார்க்கும் மருத்துவப் பரிசோதனையும் தேவை. தாடி வைத்திருப்பவர் உள்ளே போக முடியாது. முகமூடியின் ஓரம் தோலோடு ஒட்டாவிட்டால் புகை கசியும்.

உள்ளே போகும்போது தனியாகப் போக விடமாட்டார்கள், இருவராகத்தான். அவர்களுக்கு ஏதும் நடந்தால் இழுத்து வர இன்னும் இருவர் கருவி மாட்டி வெளியே காத்திருப்பார்கள். காற்றுக் கணக்கைக் கேளுங்கள்: 6.8 லீற்றர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறத்தாழ 2,000 லீற்றர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 50, 60 லீற்றர் செலவாகும். ஆக, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. உள்ளே போக எவ்வளவு காற்றுச் செலவானதோ, அதைப் போல் இரண்டு மடங்கைத் திரும்பி வர ஒதுக்க வேண்டும் என்பது விதி. காற்று குறைந்தால் கருவி தானே விசில் ஊதும். நன்றாகப் பழகியவர் அந்த விசில் வரைக்கும் காத்திருக்க மாட்டார்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பாளர்களுக்கு முதற்காரணம் நெருப்பு அல்ல, மாரடைப்பு. தீயணைப்புப் பணியில் உடலில் படுபவை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022 இல் வகைப்படுத்தியது. ஆகவே அக்கா மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கரி படிந்த உடுப்பைக் காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருகிறானா? நிலையத்திலேயே கழற்றி, அங்கேயே குளித்துவிட்டு வருகிறானா?

சுவிஸில் இருக்கும் தம்பிக்குத் தீயணைப்பு வரி என்று ஒரு பில் வந்திருக்கிறது. அவர் வீட்டில் எந்தத் தீயும் பிடிக்கவில்லை. ஏமாற்று வேலையா?
வாசகர், வத்தளை

இல்லை. சுவிற்சர்லாந்தின் பல மாநிலங்களில் குறிப்பிட்ட வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தீயணைப்புச் சேவை ஒரு கடமை. படையில் சேராதவர் அதற்குப் பதிலாகக் காசு கட்ட வேண்டும். வயதெல்லையும் தொகையும் இடத்துக்கு இடம் மாறும், எல்லா மாநிலங்களிலும் இது இல்லை. தம்பிக்கு உடம்பும் நேரமும் இடம் கொடுத்தால் படையில் சேரலாம். அந்த வரியும் விடுபடும், ஊரவரோடு பழக்கமும் வரும்.

எனக்கு 22 வயது. கொழும்பிலும் தொண்டனாகச் சேர ஆசை. எங்கே விண்ணப்பிப்பது? முடியாவிட்டால் எங்கள் ஒழுங்கைப் பெடியன்கள் சேர்ந்து ஒரு படை அமைக்கலாமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

கொழும்பில் தீயணைப்பு மாநகர சபையின் கீழ் உள்ள சம்பளப் பணி. வெற்றிடத்துக்கு விண்ணப்பித்துத்தான் உள்ளே போகலாம், தொண்டராகச் சேரும் வழி இல்லை. நீங்களே படை அமைத்து, பம்ப் வாங்கி, எரியும் வீட்டுக்குள் போகும் யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். மூச்சுக் கருவியும், காப்புறுதியும், யார் உள்ளே யார் வெளியே என்று கணக்கு வைக்க ஓர் ஆளும் இல்லாத இடத்தில் மீட்கப் போனவரையும் மீட்க வேண்டி வரும்.

ஆனால் உங்கள் ஆசை வீண்போக வேண்டியதில்லை. வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் உங்கள் ஒழுங்கைக்குச் சொந்தமானவை. 2022 செப்டெம்பரில் தொட்டலங்க கஜீமா வத்தையில் பிடித்த தீயை நினைத்துப் பாருங்கள். பலகையும் தகரமுமாக நெருக்கிக் கட்டிய வீடுகளில் தீ சுவருக்குச் சுவர் தாவும். அங்கே வாளித் தண்ணீரைவிடப் பக்கத்து வீடுகளை உடனே வெறுமையாக்குவதுதான் உயிர் காக்கும்.

பத்துப் பேர் சேர்ந்தால் வேலையை இப்படிப் பிரிக்கலாம். ஒருவர் 110க்கு அழைப்பார். வீதியின் பெயர், இலக்கம், பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளிவாசலோ கடையோ, எத்தனை மாடி, என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா என்று சொல்லி, அவர்கள் கேட்டு முடியும்வரை போனை வைக்கக் கூடாது. காயப்பட்டவர் இருந்தால் இன்னொருவர் 1990 அம்புலன்சுக்கு. இருவர் பெரிய வீதி முனையில் நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும். மூவர் ஒழுங்கையில் நிற்கும் ஓட்டோ, மோட்டார் சைக்கிள்களை அகற்ற வேண்டும். இந்தச் சாவிகள் யார் யாரிடம் இருக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது. மற்றவர்கள் வீடு வீடாகத் தட்டி ஆட்களை இறக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் பாட்டி எந்த வீட்டில், எந்த அறையில் என்பது உங்களுக்குத்தான் தெரியும், தீயணைப்பாளருக்குத் தெரியாது. அவர்கள் வந்து இறங்கியதும் முதலில் கேட்பது அதைத்தான்.

முதலுதவியைச் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்ஸிலோ பழகிக்கொள்ளுங்கள். ஒழுங்கைக்குக் காசு சேர்த்து உலர் தூள் தீயணைப்பான் வாங்குவதும் நல்லது. ஆனால் 2 கிலோ அளவுள்ளது பத்து விநாடி அளவில் தீர்ந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். கைப்பிடியில் செருகிய முள்ளை இழுத்து, வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சுவாலையின் அடியைப் பார்த்து இரு பக்கமும் வீச வேண்டும். மேலே பார்த்து அடித்தால் தூள் வீண். மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு கடை எரிந்தபோது தீயணைப்பு வண்டி வந்து நாலைந்து நிமிடத்தில் தண்ணீர் முடிந்துவிட்டது. அதிலும் எரியாத பக்கத்துக் கடைக்கே தண்ணீர் அடித்தார்கள். சனம் எல்லாம் திட்டியது. நியாயம்தானே?
வியாபாரி, புறக்கோட்டை

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. 1,800 லீற்றர் தொட்டியுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பெரிய குழாய் நிமிடத்துக்கு 450 லீற்றர் இறைத்தால் 4 நிமிடத்தில் தொட்டி வற்றும். அது பழுது அல்ல. அந்தத் தண்ணீர் முதல் அடிக்கு மட்டும். அதற்குள் வீதியில் உள்ள தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் வாயான ஹைட்ரன்டில் இருந்தோ தண்ணீர்ப் பவுசரில் இருந்தோ இணைப்பு எடுத்துவிட வேண்டும். ஹைட்ரன்டின் மூடிமேல் துணிப் பொதிகளை அடுக்கியிருந்தால், நடைபாதைத் தட்டுக்கடை அதை மறைத்திருந்தால், அல்லது லொறி அதன்மேல் நின்றால் அந்த இணைப்பு பிந்தும். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் நடப்பது இதுதான். ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அகலமான வண்டி, சாமான் இறக்கும் நேரத்தில் அங்கே எப்படி நுழையும் என்று ஒருநாள் கடை வாசலில் நின்று பாருங்கள்.

பக்கத்துக் கடைக்குத் தண்ணீர் அடித்தது சரியான முடிவு. துணி, பிளாஸ்டிக், வாசனைத் திரவியம் நிறைந்த கடையில் தீ கூரையைத் தொட்ட பிறகு அந்தச் சாமானைக் காப்பாற்ற முடியாது. வெப்பக் கதிர் எதிர்ச் சுவரையும் பக்கத்துக் கூரையையும் சூடாக்கிக்கொண்டே இருக்கும், அவற்றைக் குளிரவைக்காவிட்டால் வரிசை முழுவதும் போகும். கூரையை உடைத்ததையும் பலர் திட்டுவார்கள். மேலே தேங்கிய சூட்டுப் புகைக்கு வெளியே போக வழி விட்டால்தான் கீழே ஆள் குனிந்து போக முடியும்.

திட்ட வேண்டிய இடமும் உண்டு. ஹைட்ரன்டில் தண்ணீர் அழுத்தம் இல்லாவிட்டால், மூடி திறக்க முடியாமல் துருப்பிடித்திருந்தால், அது தீயணைப்பாளரின் தவறு அல்ல, பராமரிப்பின் தவறு. அதை வியாபாரிகள் சங்கமாக எழுத்தில் மாநகர சபையிடம் கேளுங்கள், தீ பிடிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

காஸ் சிலிண்டர் வாயில் தீ பிடித்தால் அயலவர் முதலில் என்ன செய்வது? 2021 கடைசியில் வந்த வெடிப்புச் செய்திகளுக்குப் பிறகு எல்லோரும் ஓடிவிடுகிறார்கள்.
வாசகி, தெமட்டகொடை

ஓடுவது பல நேரம் சரியான முடிவுதான். ரெகுலேட்டருக்குக் கை எட்டும் நிலையில், கையைச் சுற்றி ஈரத் துணி இருந்தால் மட்டும் அதை மூடுங்கள். மூட முடியாவிட்டால் சுவாலையை அணைக்க வேண்டாம். அணைந்த பிறகும் காஸ் வந்துகொண்டே இருக்கும். காற்றைவிடப் பாரமான அது தரையில் பரவி, அடுத்த அறைச் சுவிட்ச் வரை போய், பிறகு ஒரேயடியாகப் பிடிக்கும். எரிகிற சிலிண்டரைச் சாய்க்கவும் கூடாது. உள்ளே திரவமாக இருப்பது சாய்ந்தால் அப்படியே வெளியே வரும், 1 லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் காஸாக விரியும். ஆட்களை வெளியேற்றி, 110க்குச் சொல்லிவிட்டு, வந்தவர்களிடம் சிலிண்டர் எந்த மூலையில், எத்தனை என்று சொல்லுங்கள்.

தீ இல்லாமல் மணம் மட்டும் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து, சிலிண்டரை நிமிர்த்தியபடியே வெளியே கொண்டு போங்கள்.

ஈரத் துவாயை முகத்தில் கட்டிக்கொண்டு புகைக்குள் போனால் ஆளைத் தூக்கி வரலாம் என்கிறார்களே?
வாசகர், மட்டக்குளி

ஈரத் துணி கரித்துகளைக் கொஞ்சம் பிடிக்கும். காபன் மொனொக்சைட்டைப் பிடிக்காது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்வதால், தலை சுற்றுகிறது என்று உணரும்போதே கால் தளர்ந்திருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியேறுவதற்கு ஈரத் துவாய் உதவலாம், தரையோடு தவழ்ந்து வர வேண்டும். வெளியே இருப்பவர் உள்ளே போவதற்கு அது போதாது. எரியும் அறையின் கதவைச் சாத்திவிடுங்கள், புகை மற்ற அறைகளுக்குப் போவது குறையும். ஆள் இருக்கும் அறை எது என்று வந்து இறங்கும் தீயணைப்பாளரிடம் கையால் காட்டுங்கள்.