ஃபிரிட்ஜ் மேல் நிற்கும் ஒயின்

கேள்வி: நான்கு வருடங்களுக்கு முன் பரிசாக வந்த ரெட் ஒயின் பாட்டில் ஒன்று ஃபிரிட்ஜின் மேல் அப்படியே நிற்கிறது. நாள்பட ருசி கூடும் என்கிறார்களே, இன்னும் விட்டுவைக்கலாமா?

பதில்: வேண்டாம், இந்த வாரமே திறந்துவிடுங்கள். நாள்பட ருசி கூடும் ஒயின்கள் உண்டுதான், ஆனால் குறைவு. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடித்துவிடவே தயாரிக்கப்படுகின்றன. இத்தாலியின் பரோலோ, பிரான்ஸின் நல்ல போர்தோ போன்ற ரெட் ஒயின்கள் பல வருடம் தாங்கக் காரணம், ஆரம்பத்திலேயே அவற்றில் துவர்ப்பும் புளிப்பும் தூக்கலாக இருப்பது. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின்தான் அந்தத் துவர்ப்பு. காலப்போக்கில் அது மட்டுப்படும், ஒரு பங்கு வண்டலாக அடியில் தங்கும்.

உங்கள் பாட்டில் எந்த ரகமானாலும் இருக்கும் இடம் சரியில்லை. ஃபிரிட்ஜின் மேல் சூடும் அதிர்வும் ஓயாது. ஒயினுக்குத் தேவை வெளிச்சம் படாத, 12 முதல் 14 டிகிரியில் ஏறி இறங்காமல் இருக்கும் இடம். அப்படி இடமில்லாதவர்கள் சேர்த்துவைக்கும் ஆசையையே விட்டுவிடலாம். கார்க் அடைத்த பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்க் காய்ந்து காற்று நுழையும். திருகுமூடி என்றால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

திறக்கும் முன் கழுத்தைப் பாருங்கள். கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, ஓரத்தில் ஒயின் கசிந்து காய்ந்த பிசுபிசுப்பு இருந்தாலோ சூடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் கொஞ்சம் ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். ஓரம் செங்கல் நிறத்தில் இருந்தால் வயதின் அடையாளம், பயமில்லை. முழுக்கப் பழுப்பேறி, பழ வாசனை போய் வினிகர் நெடி அடித்தால் கதை முடிந்தது. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, நாக்குதான் பாவம்.

கேள்வி: ‘ரிசர்வ்’ என்று போட்டிருந்தால் விலை இரண்டு மடங்காக இருக்கிறது. கூடுதல் பணம் தரலாமா?

பதில்: எந்த நாட்டு பாட்டில் என்று பாருங்கள். ஸ்பெயினின் ரியோகாவில் ‘ரிசெர்வா’ என்று அச்சிட, ரெட் ஒயின் குறைந்தது 3 வருடம் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். ‘கிரான் ரிசெர்வா’ என்றால் 5 வருடம். இத்தாலியிலும் ‘ரிசெர்வா’வுக்கு ஊருக்கு ஊர் விதி உண்டு. அமெரிக்காவிலோ ‘ரிசர்வ்’ என்பதற்குச் சட்ட வரையறை கிடையாது, யாரும் போட்டுக்கொள்ளலாம். அந்த இடத்தில் அது வெறும் அலங்காரம். கனமான பாட்டிலும் குழிந்த அடிப்பாகமும் அந்த ரகம்தான், தரத்துக்கு அத்தாட்சி ஆகாது. லேபிளில் உள்ள வருடம் திராட்சை அறுவடையான வருடம், அதைக் கவனியுங்கள். வெயில் விழும் ஜன்னலில் அடுக்கியிருந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறச் சொல்கிறார்கள். எனக்கு அது மூக்கில் ஏறுகிறது.

பதில்: ஐரோப்பிய வீடுகள் குளிர்ந்து கிடந்த காலத்து வழக்கம் அது. 16 முதல் 18 டிகிரி போதும். சூடு கூடினால் ஆல்கஹால்தான் முன்னால் வந்து நிற்கும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், பினோ நுவார் மாதிரி லேசானவற்றை இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாகவே குடிக்கலாம். கார்க்கை எடுத்துவிட்டு பாட்டிலை நிற்கவைப்பதால் பெரிய பயனில்லை, அந்தச் சின்னக் கழுத்தில் எவ்வளவு காற்று படும்? துவர்ப்பு அதிகமான இளம் ஒயினை அகலமான ஜக்கில் ஊற்றிவையுங்கள். மிகப் பழைய ஒயினுக்கு இது ஒத்துவராது.

கேள்வி: திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாடை. கடையில் திருப்பித் தர முடியுமா?

பதில்: கேளுங்கள். கார்க் வழியாக வரும் டிசிஏ என்ற ரசாயனத்தின் வேலை அது. உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் காற்றாட வைத்தாலும் போகாது. நல்ல கடைக்காரருக்கு இது தெரிந்த குறைதான், மாற்றித் தருவார். பாட்டிலை மூடி, ரசீதோடு சீக்கிரம் போங்கள். முக்கால்வாசி காலியான பாட்டிலோடு போனால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒயினில் மிதக்கும் கார்க் தூளும், திராட்சையின் புளிப்பு உறைந்து அடியில் மின்னும் டார்ட்டாரிக் படிகமும் குறைகள் அல்ல, அவற்றுக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.