செவ்வாய்க்கிழமையின் ஜெர்மானியப் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தின் ‘டியூஸ்டே’யும் ஜெர்மனின் ‘டீன்ஸ்டாக்’கும் ஒரே சொல்லின் இரு வடிவங்களா?

பதில்: ஒலி நெருக்கம் நம்மை ஏமாற்றுகிறது. ஆங்கிலச் சொல் ‘டீவ்’ என்னும் பழைய ஜெர்மானியத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியது. அதன் உண்மையான உடன்பிறப்பு சுவிஸ் வழக்கின் ‘ட்ஸீஷ்டிக்’. ஆங்கிலத்தில் பத்தைக் குறிக்கும் ‘டென்’ ஜெர்மனில் ‘ட்ஸேன்’ ஆனதுபோலவே அங்கும் முதல் எழுத்து திரிந்தது. ‘டீன்ஸ்டாக்’ வடபகுதித் தாழ்நில வழக்குகளிலிருந்து பரவியது; அதன் முற்பகுதி ‘திங்சுஸ்’ என்னும் தெய்வப் பெயரோடு தொடர்புடையது. பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டையில், ரோமானியப் படையில் பணியாற்றிய ஜெர்மானிய வீரர்கள் மூன்றாம் நூற்றாண்டில் நிறுவிய கல் ஒன்று 1883இல் கிடைத்தது. அதில், ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸின் பெயரோடு இணைத்து, ‘மார்ஸ் திங்சுஸ்’ என்ற பெயர் உள்ளது. ‘திங்’ என்பது மக்கள் கூடி வழக்குத் தீர்க்கும் அவை. ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் பெயரான ‘ஆல்திங்கி’யில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. அவைக்குக் காவலான திங்சுஸ் டீவேதான் என்று அறிஞர் பலர் கருதுவதால், சொற்கள் வேறானாலும் தெய்வம் ஒன்றாகவே இருக்கலாம்.

கேள்வி: தென் ஜெர்மனியின் பவேரிய முதியவர்கள் செவ்வாயை ‘எர்டாக்’ என்கிறார்களே?

பதில்: அது கிரேக்கப் போர்க்கடவுள் ஏரிஸின் நாள். அதே வட்டாரத்தில் வியாழனுக்கு வழங்கிய ‘ஃபின்ட்ஸ்டாக்’கும், ஐந்தாவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. பழைய ஜெர்மானிய மொழிகளுள் ஒன்றான கோத்திய மொழி வழியாக இவை தெற்கே வந்தன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம்.

கேள்வி: திருச்சபை இப்பெயர்களை எதிர்க்கவில்லையா?

பதில்: எதிர்த்தது. ஆக்ஸ்பூர்க் மறைமாவட்டத்தில் ‘திங்களுக்கு அடுத்த நாள்’ என்னும் பொருளில் ‘ஆஃப்டர்மோன்டாக்’ வழங்கியது. ஐஸ்லாந்தில் இன்றும் செவ்வாய் ‘மூன்றாம் நாள்’தான், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஹோலார் ஆயராக இருந்த யோன் ஓக்முண்டர்சன் பழைய தெய்வப் பெயர்களை விலக்கியதாக மரபு கூறுகிறது.

கேள்வி: ‘டீவ்’ தமிழ்த் ‘தீ’யிலிருந்து பிறந்தது என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. ஓரிடத்து ஒலி ஒப்புமை சான்றாகாது. முறையான திரிபு பல சொற்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும். வடமொழி ‘தச’, ஆங்கிலத்தில் ‘டென்’, ஜெர்மனில் ‘ட்ஸேன்’. அதே வரிசையில் வடமொழித் ‘தேவ’, ஆங்கில ‘டீவ்’, பழைய ஜெர்மன் ‘ட்ஸீயு’. நம் செவ்வாய்க்கு உள்ள உறவு வேறு வகையானது: கோள்களின் பெயரால் அமைந்த ஏழு நாள் வாரம் மேற்கிலும் இந்தியாவிலும் பரவியபோது, தமிழர் அக்கோளின் செந்நிறத்தைப் பெயராக்கினர், ஜெர்மானியரோ ரோமானியரின் மார்ஸுக்கு ஈடாகத் தம் தெய்வத்தை அமர்த்தினர்.